கொல்லிமலை இறக்கமும் ஒரு பழைய ஆர்எக்ஸும்

நாமக்கல்லிலிருந்து சேந்தமங்கலம், காளப்பநாயக்கன்பட்டி வழியாகக் காரவள்ளிக்கு வந்தால் மலை சட்டென்று எதிரே எழுந்து நிற்கும். அங்கிருந்து சோளக்காடு வரை 70 கொண்டை ஊசி வளைவுகள். விடுமுறை நாள் காலையில் அந்தச் சாலையோரம் நின்று பாருங்கள். இன்றைய பெரிய பைக்குகளின் உறுமலுக்கு நடுவே ஒரு பழைய சத்தம் தனியாகக் கேட்கும். வண்டி கண்ணில் படுவதற்கு இரண்டு வளைவு முன்பே அது யமஹா ஆர்எக்ஸ் 100 என்று தெரிந்துவிடும். ஓட்டி வருகிறவர் பெரும்பாலும் அந்த வண்டியைவிட வயதில் சிறியவர்.

"முதல் வண்டியே ஆர்எக்ஸ்தான் வேணும்" என்று அடம்பிடிக்கும் பிள்ளைகள் சேலம், நாமக்கல், ஈரோடு பக்கம் இன்றும் நிறைய உண்டு. "புகை விடும், பார்ட்ஸ் கிடைக்காது, பிரேக் பத்தாது" என்பார்கள் வீட்டுப் பெரியவர்கள். இரண்டு தரப்புமே பேசாத ஒரு விஷயம் இருக்கிறது. இந்த என்ஜின் மலை ஏறும்போது ஒரு விதமாகவும் இறங்கும்போது வேறு விதமாகவும் நடந்துகொள்ளும். ஏற்றத்தில் அது தரும் மகிழ்ச்சிக்காகத்தான் எல்லாரும் வாங்குகிறார்கள். அதற்குள் என்ன நடக்கிறது என்று புரிந்துகொள்ளாதவருக்கு இறக்கத்தில் ஆபத்து காத்திருக்கிறது. பழைய ஜப்பானிய வண்டியை முதல் வண்டியாக வாங்கலாமா என்று யார் கேட்டாலும், முதலில் இந்த இறக்கத்தைப் பற்றித்தான் பேச வேண்டும் என்று நினைக்கிறேன்.

ஜப்பானிய வண்டிகள் நம் ஊருக்கு வந்த கதை 1980களில் தொடங்குகிறது. அதுவரை புல்லட், ராஜ்தூத், ஜாவா, எஸ்டி என்று கனமான வண்டிகளின் காலம். வெளிநாட்டுக் கூட்டுடன் 100 சிசி வண்டிகள் செய்ய அரசு வழிவிட்டதும் ஜப்பானின் நான்கு பெரிய நிறுவனங்களும் சில வருடங்களுக்குள் உள்ளே வந்தன. அந்த வரிசையில் முந்திக்கொண்டது தமிழ்நாடுதான். 1984இல் ஓசூரிலிருந்து சுசூகியின் ஏஎக்ஸ் 100 வெளிவந்தது. 1985இல் ஹீரோ ஹோண்டா சிடி 100. அதே வருடக் கடைசியில் எஸ்கார்ட்ஸ் நிறுவனத்தின் கையால் யமஹா ஆர்எக்ஸ் 100. அடுத்து பஜாஜின் கவாசாகி கேபி 100. ஆர்எக்ஸின் முதல் வண்டிகள் ஜப்பானிலிருந்து பெட்டியில் வந்த பாகங்களை இங்கே கோத்துச் செய்தவை. 1996 வரை அது உற்பத்தியில் இருந்தது.

இந்த நால்வரில் சிடி 100 மட்டும் ஃபோர் ஸ்ட்ரோக். மற்ற மூன்றும் டூ ஸ்ட்ரோக். சிடி 100இன் திறன் சுமார் 7 குதிரைத்திறன். ஏறத்தாழ அதே கொள்ளளவுள்ள ஆர்எக்ஸின் திறன் 11. ஐம்பது மில்லிமீட்டர் குறுக்களவுள்ள ஒரு சிலிண்டர், அதில் ஐம்பது மில்லிமீட்டர் ஏறி இறங்கும் பிஸ்டன், மொத்தம் 98 சிசி. வண்டியின் எடை சுமார் 100 கிலோ. இவ்வளவு சிறிய இரும்புக்குள்ளிருந்து அந்தக் கூடுதல் திறன் எப்படி வந்தது?

ஃபோர் ஸ்ட்ரோக் என்ஜினில் கிராங்க் இரண்டு முறை சுற்றினால் ஒரு முறைதான் எரிதல் நடக்கும். மீதிச் சுற்று, எரிந்த புகையை வெளியே தள்ளுவதிலும் புதுக் காற்றை உள்ளே இழுப்பதிலும் போய்விடும். டூ ஸ்ட்ரோக்கில் ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு எரிதல். வால்வு கிடையாது, கேம் கிடையாது, அவற்றைச் சுழற்றும் செயினும் கிடையாது. சிலிண்டர் சுவரில் வெட்டிய துளைகளைப் பிஸ்டனே மேலும் கீழும் போகிற போக்கில் திறந்து மூடுகிறது. மெக்கானிக்குகள் அவற்றை போர்ட் என்பார்கள். பிஸ்டன் மேலே ஏறும்போது அதன் தலைக்கு மேல் உள்ள கலவை அழுத்தப்படுகிறது. அதே கணத்தில் அதன் அடியில், கிராங்க் இருக்கும் அறையில், வெற்றிடம் உண்டாகி கார்பரேட்டரிலிருந்து புதுக் கலவை உறிஞ்சப்படுகிறது. மேலே எரிந்து பிஸ்டன் கீழே வரும்போது அடியில் உள்ள புதுக் கலவை நசுங்கி, பக்கவாட்டுப் பாதைகள் வழியாக மேலே பாய்ந்து, எரிந்த புகையை வெளியே விரட்டுகிறது. ஒரே பிஸ்டன் மேல்பக்கம் ஒரு வேலையும் கீழ்பக்கம் ஒரு வேலையும் செய்கிறது.

கிராங்க் அறைக்குள் இழுத்த கலவை மறுபடி கார்பரேட்டருக்கே திரும்பி ஓடிவிடாமல் தடுப்பது ரீட் வால்வு. மெல்லிய தகடுகள்தான் அது. உள்ளே போகும் காற்றுக்கு வளைந்து வழிவிடும், திரும்பி வரும் காற்றுக்கு மூடிக்கொள்ளும். ஆர்எக்ஸ் தன் முழுத் திறனைத் தருவது நிமிடத்துக்கு 7500 சுற்றில். அப்போது அந்தத் தகடுகள் ஒரு நொடியில் 125 முறை திறந்து மூடுகின்றன. இதைச் செய்த நிறுவனத்தின் பூர்வீகத்தை நினைத்தால் எனக்கு வியப்பு அடங்குவதே இல்லை. 1887இல் ஹமமட்சு ஊரில் ஒரு பள்ளிக்கூடத்தின் ரீட் ஆர்கனைப் பழுது பார்த்துத் தொழில் தொடங்கியவர் டொரகுசு யமஹா. காற்றில் அதிரும் உலோக நாக்குகளோடு தொடங்கிய அந்த இசைக்கருவி நிறுவனத்திலிருந்து, 1955இல், மோட்டார் சைக்கிள் பிரிவு தனி நிறுவனமாகப் பிரிந்தது. யமஹாவின் சின்னத்தை உற்றுப் பாருங்கள். மூன்று இசைக்கவைகள் ஒன்றையொன்று குறுக்காக வெட்டி நிற்கும்.

இசைக்கவை அந்த வண்டிக்குப் பொருத்தமான சின்னம்தான். ஏனென்றால் ஆர்எக்ஸின் திறனில் கணிசமான பங்கு ஒலி அலைகளால் வருவது.

டூ ஸ்ட்ரோக்கில் ஒரு பெரிய ஓட்டை உண்டு. புதுக் கலவை உள்ளே வரும் நேரத்தில் புகை போகும் வழியும் திறந்தே இருக்கிறது. எனவே புகையோடு சேர்ந்து எரியாத பெட்ரோலும் வெளியே ஓடிவிடும். இதை அடைக்கக் கதவு வைக்க இடமில்லை. சைலன்சரின் வடிவத்தைக் கொண்டே அடைத்தார்கள். புகைத் துளை திறந்ததும் ஒரு அழுத்த அலை சைலன்சருக்குள் பாய்கிறது. சூடான புகையில் ஒலியின் வேகம் நொடிக்கு ஏறத்தாழ 500 மீட்டர். குழாய் விரியும் இடத்தில் அந்த அலையின் ஒரு பகுதி உறிஞ்சும் அலையாக மாறித் திரும்பி வந்து, சிலிண்டரில் மிச்சமிருக்கும் புகையை இழுத்துப் போகிறது. குழாய் மறுபடி குறுகும் இடத்தில் மீதி அலை மோதி, இம்முறை தள்ளும் அலையாகத் திரும்புகிறது. துளை மூடப்போகும் கடைசிக் கணத்தில் அது வந்து சேர்ந்து, தப்பி ஓடிய புதுக் கலவையைச் சிலிண்டருக்குள்ளேயே திருப்பித் திணிக்கிறது.

கணக்குப் போட்டால் இது இன்னும் அழகாக இருக்கும். 7500 சுற்றில் ஒரு சுற்றுக்கு ஆகும் நேரம் நொடியில் ஆயிரத்தில் 8 பங்கு. புகைத் துளை அதில் ஏறக்குறைய பாதி நேரம், அதாவது 4 பங்கு நேரம், திறந்திருக்கும். அந்த நேரத்தில் அலை கடக்கும் தூரம் 2 மீட்டர். போக ஒரு மீட்டர், வர ஒரு மீட்டர். டூ ஸ்ட்ரோக் வண்டிகளின் சைலன்சர் ஏன் இந்த நீளத்தை ஒட்டியே இருக்கிறது என்பதற்கு விடை இந்தக் கணக்கில் இருக்கிறது. சத்தம் அதிகமாக வரட்டும் என்று உள்ளே இருக்கும் குழாயை எடுத்துவிடுபவர்களும் சைலன்சரை அறுத்துச் சுருக்குபவர்களும் அந்த அலை திரும்பி வரும் நேரத்தையே கெடுத்துவிடுகிறார்கள். அவர்களுக்குச் சத்தம் கூடும். மலையில் இழுவை குறையும்.

இந்த அலைக் கணக்கைப் பந்தய வண்டிகளில் முழுமையாகக் கைப்படுத்தியவர் வால்டர் காடென். கிழக்கு ஜெர்மனியில், ஷோபாவ் என்ற சிறு நகரத்தில் இருந்த எம்இசட் தொழிற்சாலையின் பொறியாளர் அவர். கையில் பணமும் நல்ல உலோகமும் இல்லாத நாட்டில் இருந்துகொண்டு, 1950களில், உலகின் பணக்கார அணிகளோடு போட்டி போட்டார். 1961இல் அவருடைய வண்டியை ஓட்டிய எர்ன்ஸ்ட் டெக்னர் 125 சிசி உலகப் பட்டத்தை எட்டும் தறுவாயில் இருந்தார். பெர்லின் சுவர் எழுந்து ஒரு மாதம் சற்றே கடந்திருந்த நேரம். செப்டம்பரில் சுவீடனில் நடந்த பந்தயத்தில் டெக்னரின் என்ஜின் நடுவில் கெட்டது. பந்தயம் முடிந்ததும் அவர் ஊர் திரும்பவில்லை. மனைவி மக்களை ரகசியமாக மேற்கு ஜெர்மனிக்கு வரவழைத்துக்கொண்டு தானும் தப்பிவிட்டார். அங்கிருந்து அவர் போனது சுசூகிக்கு. காடெனின் நுட்பமும் அவரோடு போயிற்று. மறு வருடம், 1962இல், புதிதாகத் தொடங்கிய 50 சிசி பிரிவில் சுசூகிக்காக உலகப் பட்டம் வென்றார் டெக்னர். ஜப்பானின் டூ ஸ்ட்ரோக் வண்டிகள் அதன் பின் உலகை ஆண்டன. ஷோபாவில் அந்தப் பொறியாளருக்கு மிஞ்சிய வேதனையை நினைக்காமல் இந்த வெற்றியை என்னால் சொல்ல முடியவில்லை.

யமஹாவின் வேரும் அதே ஊரில்தான் இருக்கிறது. 1955இல் வந்த அதன் முதல் வண்டியான ஒய்ஏ-1, ஜெர்மானிய டிகேடபிள்யூ ஆர்டி 125ஐப் பார்த்துச் செய்தது. அந்த டிகேடபிள்யூ பிறந்ததும் ஷோபாவில்தான். செய்த வருடமே ஃபியூஜி மலை ஏற்றப் பந்தயத்தில் 125 சிசி பிரிவில் ஒய்ஏ-1 வென்றது. மலை ஏறித்தான் அந்த நிறுவனம் தன் பெயரை முதலில் நிலைநாட்டியது.

இனி நம் மலைக்கு வருவோம். கடையெழு வள்ளல்களில் ஒருவனான வல்வில் ஓரியின் மலை இது. அவனுடைய குதிரைக்கும் ஓரி என்றே பெயர் என்று சிறுபாணாற்றுப்படையிலிருந்து அறிகிறோம்.

சைலன்சரின் அலை சரியான நேரத்துக்கு வந்து சேர்வது ஒரு குறிப்பிட்ட சுழற்சி வேகத்தில் மட்டும்தான். மெதுவாகச் சுற்றும்போது அலை முந்தி வந்துவிடும், வேலைக்கு ஆகாது. அதனால்தான் ஆர்எக்ஸ் கீழ்ச் சுற்றுகளில் சாதுவாக இருந்துவிட்டு, நடுச் சுற்றுகளைத் தாண்டியதும் திடீரென்று இழுக்கும். அதிகபட்ச இழுவிசை 6500 சுற்றுக்கு அருகில். சமவெளியில் இது இனிமையாக இருக்கும். கொண்டை ஊசி வளைவில் புதிதாக ஓட்டுபவருக்கு இது ஒரு பாடம். வளைவுக்குள் நுழையும்போது வேகம் குறைந்து என்ஜின் அந்த எல்லைக்குக் கீழே விழுந்துவிடும். இருப்பது நான்கே கியர். இரண்டாவதில் இழுக்காது, முதலாவதுக்கு இறக்கி ஆக்சிலரேட்டரைத் திருகினால், வண்டி இன்னும் சாய்ந்திருக்கும்போதே முழு பலமும் பின்சக்கரத்துக்கு வந்து சேரும். மணல் சிதறிய வளைவென்றால் சக்கரம் வழுக்கும். எனவே ஆர்எக்ஸில் கியரை வளைவுக்கு முன்பே இறக்கிவிட்டு, வண்டி நிமிரத் தொடங்கிய பிறகு கொஞ்சம் கொஞ்சமாகத் திருக வேண்டும்.

உயரமும் தன் பங்குக்கு விளையாடும். அடிவாரத்திலிருந்து 1000 மீட்டர் மேலே போனால் காற்றின் அடர்த்தி ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு குறைகிறது. என்ஜினின் பலமும் கிட்டத்தட்ட அந்த அளவுக்குக் குறையும். கார்பரேட்டருக்குக் காற்று மெலிந்தது தெரியாது. காற்று குறைந்த அளவுக்குப் பெட்ரோல் குறையாததால் கலவை சற்றுக் கொழுத்துவிடும். பிளக் கொஞ்சம் கருக்கும். ஊட்டி போல 2000 மீட்டருக்கு மேலே இருக்கும் ஊர்களில் இது நன்றாக உறைக்கும். கொல்லிமலையில் இலேசான மந்தமாகத்தான் தெரியும். மலைமேல் இருக்கும் செம்மேட்டுக்கு வந்ததும் மந்தமாக இருக்கிறதே என்று கார்பரேட்டரைத் திருகிப் பெட்ரோலைக் குறைக்கத் தோன்றும். செய்யக் கூடாது. அடிவாரத்தின் அடர்ந்த காற்றில் அந்தக் குறைந்த பெட்ரோல் போதாமல் என்ஜின் அளவுக்கு மீறிச் சூடாகும்.

ஏற்றத்தைப் பற்றி இவ்வளவு போதும். ஆக்சிலரேட்டர் திறந்திருக்கும் வரை டூ ஸ்ட்ரோக் என்ஜினுக்கு வேண்டியதெல்லாம் போய்ச் சேர்ந்துகொண்டிருக்கும். இறக்கத்தில் அது மூடுகிறது. அங்கே மூன்று சிக்கல்கள் ஒன்றாக வந்து சேர்கின்றன.

வண்டியும் ஆளும் சேர்ந்து 170 கிலோ என்று வைத்துக்கொள்வோம். அந்த எடை 1000 மீட்டர் கீழே இறங்கினால் வெளிப்படும் ஆற்றல் கிட்டத்தட்ட 17 லட்சம் ஜூல். குழாயடித் தண்ணீர் 5 லிட்டரைக் கொதிநிலைக்குக் கொண்டுவர இவ்வளவு வெப்பம் வேண்டும். ஒரு பகுதியைக் காற்றும் டயரும் வாங்கிக்கொள்ளும். மீதி முழுவதும் என்ஜின் வழியாகவோ பிரேக் வழியாகவோ வெப்பமாகத்தான் வெளியேற வேண்டும். பின்னால் ஒருவர் உட்கார்ந்தால் இன்னும் கூடும்.

முதல் சிக்கல் என்ஜின் பிடிப்பு. ஃபோர் ஸ்ட்ரோக் வண்டியில் ஆக்சிலரேட்டரை மூடினால் என்ஜினே வண்டியைப் பிடித்து நிறுத்தும். மூடிய கார்பரேட்டருக்கு எதிராக ஒவ்வொரு முறையும் பிஸ்டன் காற்றை இழுக்கப் போராடுகிறது. அந்தப் போராட்டம்தான் பிரேக். டூ ஸ்ட்ரோக்கில் காற்றை இழுப்பது கிராங்க் அறை. பிஸ்டன் நகரும் அளவோடு ஒப்பிட்டால் அந்த அறை பெரியது. அதில் உண்டாகும் வெற்றிடம் வலுவில்லாதது. மேலே சிலிண்டரில் அழுத்தப்பட்ட காற்றோ, அழுத்திய ஆற்றலில் பெரும்பகுதியைப் பிஸ்டனுக்கே திருப்பிக் கொடுத்துவிடும். ஆகவே ஆர்எக்ஸில் என்ஜின் பிடிப்பு மிகக் குறைவு. சிடி 100 ஓட்டிப் பழகியவர் முதல் முறை ஆர்எக்ஸில் இறங்கும்போது, வண்டி தன்னை இழுத்துக்கொண்டு ஓடுவது போல உணர்வது இதனால்தான்.

இரண்டாவது சிக்கல் பிரேக். முன்னும் பின்னும் டிரம். உள்ளே இரண்டு ஷூக்கள் விரிந்து டிரம்மின் உட்சுவரை உரசுகின்றன. வெப்பம் வெளியேற வழி குறைவு. டிரம் சூடேறினால் விரியும். விரிந்தால் ஷூ இன்னும் தூரம் போய்த்தான் அதைத் தொட முடியும். லைனிங்கின் பிடிமானமும் சூட்டில் குறையும். முதல் இருபது வளைவுகளில் நன்றாகப் பிடித்த லீவர் நாற்பதாவது வளைவில் கைப்பிடி வரை வந்து நிற்கும். பெட்ரோல் மிச்சம் பிடிக்க நியூட்ரலில் விட்டு இறங்குகிறவர்கள் அத்தனை பாரத்தையும் இந்த டிரம்களின் மேல் ஏற்றுகிறார்கள். அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு வயிறு கலங்கும்.

மூன்றாவதுதான் டூ ஸ்ட்ரோக்குக்கே உரியது. பலருக்குத் தெரியாததும் அதுவே. ஃபோர் ஸ்ட்ரோக் என்ஜினின் அடியில் ஆயில் தேங்கி நிற்கும். அது சுற்றும் வேகத்துக்கு ஏற்ப ஆயிலும் சுற்றிக்கொண்டே இருக்கும். டூ ஸ்ட்ரோக்கில் கிராங்க் அறை கலவை போகும் பாதையாகிவிட்டதால் அங்கே ஆயிலைத் தேக்க முடியாது. பெட்ரோலோடு கலந்து வரும் ஆயில்தான் கிராங்க் பேரிங்குக்கும் பிஸ்டனுக்கும் வழவழப்பு தருகிறது. லிட்டருக்கு 20, 25 மில்லி 2டி ஆயில் கலந்து ஊற்றுவது இதற்காகத்தான். ஆனால் இறக்கத்தில் ஆக்சிலரேட்டரை மூடிவிட்டால் பெட்ரோல் மிகவும் குறைந்துவிடும். பெட்ரோல் குறைந்தால் ஆயிலும் குறைந்துவிடும். கியரில் இருக்கும் வண்டியைச் சரிவு தள்ளிக்கொண்டு போவதால் என்ஜின் மட்டும் நிமிடத்துக்கு நான்காயிரம், ஐயாயிரம் சுற்று சுற்றிக்கொண்டிருக்கும். பிஸ்டன் அலுமினியம், சிலிண்டர் சுவர் வார்ப்பிரும்பு. சூட்டில் அலுமினியம் இரும்பைவிட ஏறத்தாழ இரு மடங்கு விரியும். இரண்டுக்கும் இடையே விட்டிருக்கும் இடைவெளி மில்லிமீட்டரில் நூற்றில் சில பங்குதான். ஆயில் படலம் வறண்டால் பிஸ்டன் சுவரைப் பிடித்துக்கொள்ளும். என்ஜின் பிடித்தால் பின்சக்கரமும் அந்த நொடியே நிற்கும். வளைவில் சாய்ந்திருக்கும்போது அப்படி நடந்தால் கிளட்சைப் பிடிக்கும் நேரம்கூட எல்லோருக்கும் கிடைக்காது.

யமஹா இதற்கு ஒரு தீர்வு கண்டது. பெயர் ஆட்டோலூப், 1964இல் அதன் வண்டிகளில் வந்தது. ஆயிலுக்குத் தனி டாங்க். அங்கிருந்து ஒரு சிறு பம்ப் ஆயிலை எடுத்து, காற்று உள்ளே போகும் பாதையில் துளித்துளியாகச் சேர்க்கிறது. அந்தப் பம்புக்கு இரண்டு எஜமானர்கள். கிராங்கோடு பல்சக்கரத்தால் இணைந்திருப்பதால் என்ஜின் வேகமாகச் சுற்றினால் பம்பும் வேகமாக அடிக்கும். ஆக்சிலரேட்டர் கேபிளின் ஒரு கிளை பம்புக்கும் போவதால், திருகத் திருக ஒவ்வொரு அடியின் அளவும் கூடும். ஆக்சிலரேட்டரை முழுதாக மூடினாலும் அடியின் அளவு பூஜ்யம் ஆகாது. குறைந்தபட்ச அளவு ஒன்று இருந்துகொண்டே இருக்கும். ஆகவே சரிவில் என்ஜின் வேகமாகச் சுற்றும் வரை பெட்ரோல் குறைந்தாலும் ஆயில் கொஞ்சம் வந்துகொண்டே இருக்கும். ஆர்எக்ஸ் 100இலும் இந்தப் பம்ப் உண்டு.

ஆனால் இன்று விற்பனைக்கு வரும் ஆர்எக்ஸ்களில் பலவற்றில் அந்தப் பம்பைக் கழற்றியிருப்பார்கள், அல்லது குழாயை அடைத்திருப்பார்கள். பம்ப் என்றைக்காவது பழுதானால் என்ஜின் போய்விடும் என்ற பயம் காரணம். பெட்ரோலிலேயே ஆயில் கலந்துவிட்டால் கவலையில்லை என்பது அவர்கள் வாதம். ஊருக்குள் ஓட்டுவதற்கு அது சரிதான். கொல்லிமலை, ஏற்காடு, கொடைக்கானல் என்று மலைகளுக்குப் போகிறவருக்கு அந்த மாற்றம் ஒரு காவலைக் கழற்றிவிட்டது. அப்படிப்பட்ட வண்டியில் இறங்க நேர்ந்தால் ஒவ்வொரு வளைவுக்கும் இடையில் கிளட்சைப் பிடித்துக்கொண்டு ஆக்சிலரேட்டரை ஒரு முறை திறந்து மூட வேண்டும். ஒரு வாய் கலவை உள்ளே போய் ஆயிலைக் கொண்டு சேர்க்கும். பழைய ஓட்டுநர்கள் இதைக் கைப்பழக்கமாகவே செய்வார்கள். கேட்டால் காரணம் சொல்லத் தெரியாமலும் இருக்கலாம்.

புகையைப் பற்றி வீட்டார் சொல்வதும் உண்மை. அலைகள் எவ்வளவு உதவினாலும் டூ ஸ்ட்ரோக்கில் உள்ளே போகும் பெட்ரோலில் கணிசமான பங்கு எரியாமலே வெளியேறும். ஆயிலும் எரிந்து நீலப் புகையாகும். 1996லும் 2000லும் இந்தியாவின் மாசு விதிகள் இறுகியதும் இந்த வகை வண்டிகள் ஒவ்வொன்றாக மறைந்தது நியாயமே. அந்த நியாயத்தை ஏற்றுக்கொண்டுதான் இந்த வண்டியை நேசிக்க முடியும். தினமும் கல்லூரிக்கும் வேலைக்கும் போய்வர ஒரு வண்டி வேண்டுமென்றால் ஆர்எக்ஸ் அதற்கு ஏற்றதில்லை. ஜப்பானிய வடிவமைப்பும் பழைமையும் வேண்டும், முதல் வண்டியாகவும் இருக்க வேண்டும் என்றால், என் தேர்வு சிடி 100 போன்ற ஃபோர் ஸ்ட்ரோக்தான். ஏற்றத்தில் அது மூச்சு வாங்கும். இறக்கத்தில் உங்களைப் பிடித்துக்கொள்ளும்.

இதையெல்லாம் தெரிந்த பின்னும் ஆர்எக்ஸ்தான் என்று மனம் சொன்னால், வாங்கும்போது தாள்களிலிருந்து தொடங்குங்கள். தனியார் வண்டியின் பதிவு 15 வருடம். பிறகு 5 வருடத்துக்கு ஒரு முறை வண்டியைக் காட்டிப் புதுப்பிக்க வேண்டும். கடைசி ஆர்எக்ஸ் 100கூட 1996ஐச் சேர்ந்தது என்பதால் எல்லா வண்டியும் இந்தக் கட்டத்தைப் பலமுறை தாண்டியிருக்க வேண்டும். ஆர்.சி. புக்கில் அந்தப் புதுப்பித்தல் இல்லையென்றால் விலை எவ்வளவு குறைந்தாலும் தொட வேண்டாம். என்ஜின் எண்ணும் சேஸிஸ் எண்ணும் புத்தகத்தோடு பொருந்த வேண்டும். எண் இருக்கும் இடத்தைத் தேய்த்து மறுபடி குத்திய தடயம் இருக்கக் கூடாது. படிவம் 29, 30இல் விற்பவரின் கையெழுத்தை வாங்காமல் பணத்தைக் கொடுக்காதீர்கள். புது பெயின்ட்டும் பளபளக்கும் குரோமும் எதையும் நிரூபிக்காது.

என்ஜினில் கேட்க வேண்டிய முக்கியமான கேள்வி, எத்தனை முறை போர் அடித்தது என்பது. சிலிண்டர் தேய்ந்தால் கால் மில்லிமீட்டர் அகலமாகக் கடைந்து அடுத்த அளவுப் பிஸ்டன் போடுவார்கள். ஒரு மில்லிமீட்டர் வரை போனால் அந்தச் சிலிண்டரின் ஆயுள் ஏறக்குறைய முடிந்தது. குளிர்ந்த என்ஜினைக் கிக்கரால் மெதுவாக மிதித்துப் பாருங்கள். நல்ல பிஸ்டன் செட் இருந்தால் காலுக்குத் தெளிவான எதிர்ப்பு தெரியும். பிளக்கைக் கழற்றிப் பாருங்கள். நுனி காபித்தூள் நிறத்தில் இருந்தால் கலவை சரி. வெளுத்திருந்தால் அந்த என்ஜின் சூட்டில் வாடியிருக்கிறது. சைலன்சர் கம்பெனி வடிவமா, அறுத்து ஒட்டியதா என்று கவனியுங்கள். முன் டிரம்மைக் கழற்றி உட்சுவரில் வரிப்பள்ளங்கள் இருக்கின்றனவா என்று பார்க்க எந்த மெக்கானிக்கும் மறுக்க மாட்டார். புதிதாகப் போர் அடித்த வண்டி என்றால் சில நூறு கிலோமீட்டர் சமவெளியில் நிதானமாக ஓட்டிப் பிஸ்டன் பதிந்த பிறகே மலைக்குக் கொண்டுபோக வேண்டும்.

கடைசியாக அந்தப் பம்ப். மூடியைக் கழற்றச் சொல்லுங்கள். ஆக்சிலரேட்டரைத் திருகும்போது பம்பின் சிறு சக்கரமும் கேபிளோடு திரும்ப வேண்டும். திரும்பினால், ஆயில் டாங்கை நிரப்பி ஒரு குறி வைத்துக்கொண்டு, ஒரு டாங்க் பெட்ரோல் தீரும்வரை சமவெளியில் ஓட்டுங்கள். பம்ப் நம்பிக்கைக்கு உரியதென்று தெரியும்வரை பெட்ரோலிலும் ஆயிலைக் கலந்துகொள்ளுங்கள். புகை கூடுதலாக வரும், பரவாயில்லை. ஆயில் மட்டம் குறிக்குக் கீழே இறங்கியிருந்தால் பம்ப் வேலை செய்கிறது. இறங்கவில்லையென்றால் அதைச் சரிபார்த்து முடிக்கும்வரை காரவள்ளிச் சாலைப் பக்கம் வண்டியைத் திருப்ப வேண்டாம்.